புதிய பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் முடிவாகும் முன் எல்லாத் துறையினரும் சேர்ந்து திட்டமிடக் கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: புதிய வகுப்பறைக் கட்டடம் – கூட்டுக் கள ஆய்வு, கூட்டு வடிவமைப்பு – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

எங்கள் பள்ளிக்குப் புதிய வகுப்பறைகள் வரப்போவதில் மிகுந்த மகிழ்ச்சி. இடத்தை அளந்துவிட்டார்கள், வரைபடம் இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

பழைய கட்டடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். பூசிய சுவரைக் கொத்தித்தான் மின்கம்பி இழுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கடைசியில்தான் இடம் தேடினார்கள். கூரைத் தண்ணீர் நேராக மண் வெட்டிய பக்கமே விழுகிறது. சன்னல்கள் எல்லாம் வடக்கே பார்த்தவை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது வகுப்புக்குள் வெயிலே வராது. பகலிலும் விளக்கு எரிகிறது, பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாமல் போனதுதான் காரணம்.

சரிவு நிலத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தது. தரையை ஒரே மட்டமாக்க மண்ணை ஆழமாக வெட்டினால் தடுப்புச் சுவர் உயரும், செலவும் ஏறும், மழையில் ஆபத்தும் கூடும். படிமட்டமாகக் கட்டினால் வெட்டு குறையும். ஆனால் நடக்க இயலாத பிள்ளைக்குச் சாய்தளம் எங்கே என்பதை அப்போதே யோசிக்க வேண்டும். தெற்கே சன்னல் வைத்து, கூரைக்கு அடியில் குளிர் தடுக்கும் தட்டி போட்டால் விளக்கும் ஹீட்டரும் குறையும். சூரிய மின்தகடும் சிறியதே போதும். பனிமூட்ட மாதங்களில் தகடு குறைவாகவே மின்சாரம் தரும் என்பதால் இந்தச் சிக்கனம் முக்கியம். படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய பெரியவர்கள் குளிரையும் நிலத்தையும் சேர்த்தே யோசித்தவர்கள்.

2009 நவம்பரில் நம் மாவட்டத்து மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கடுமை. மழைநீர் வடிகால் கடைசி நேரத்து வேலையாக இருக்கவே கூடாது.

மலைப்பகுதிக் கட்டடங்களுக்குப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை போன்றவற்றின் கருத்தைக் கேட்பது இங்கே வழக்கம்தான். ஆனால் முடிந்த வரைபடம்தான் அவர்கள் மேசைக்குப் போகிறது. அவர்களே முன்கூட்டி இடத்துக்கு வந்தால் காகிதத்தில் ஒரு கோட்டை மாற்றுவதோடு போய்விடும். சுவர் எழுந்த பிறகு அதை இடிக்கத்தான் வேண்டும்.

ஆகவே, வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன், கட்டடப் பொறியாளர், மின் பொறியாளர், குடிநீர்ப் பணியாளர், மேற்கண்ட துறையினர், தலைமை ஆசிரியர், பெற்றோர் அனைவரும் ஒரே நாளில் இடத்தைப் பார்த்துப் பேச ஆணையிடுமாறு வேண்டுகிறோம். அங்கே எடுக்கும் முடிவுகள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலும் இடம்பெற வேண்டும். அப்புறம், அடித்தளம் போடும்போதும் கூரை போடும் முன்னும் அதே குழு வந்து பார்த்தால் நல்லது. மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதைக் காட்ட ஊர்ப் பெரியவர்கள் எந்த நாளும் வரத் தயாராக உள்ளனர்.

நன்றி.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர், பெற்றோர்
இடம்: கோத்தகிரி