பால் வெள்ளையாக இருக்கும் வரை

ராயல் ஓக், மிச்சிகன்
ஜூன் 22

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாள் என்று படித்ததும் மனம் நிம்மதியானது. பேத்தியின் படத்தை என் மேசை மேல் வைத்திருக்கிறேன். அப்படியே உன் அம்மாவின் நெற்றி.

நான் புதுப்பித்துவரும் பழைய கார் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். 1967 போன்டியாக் ஜி.டி.ஓ., 400 கன அங்குல எஞ்சின். போன்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010-இல் மூடிவிட்டது. அந்தப் பெயரைக் கொடுத்த ஊர் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தது, டிங்கரிங், பட்டி பார்த்தது எல்லாம் குளிர்காலத்தோடு முடிந்தன. மே மாதம் கறுப்பு அடித்து, அதன் மேல் மூன்று பூச்சு கிளியர் கோட்டும் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மாலை வேளைகளில் நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதுப் பெயின்டை எதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று என் மகள் கேட்டாள். நீயும் கேட்பாய். ஸ்பிரேயிலிருந்து துளித்துளியாக விழுந்து காய்வதால் கிளியர் கோட்டின் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். எட்ட நின்று பார்த்தால் பளபளப்புதான். கிட்டே போய், அதில் விழும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பார்த்தால், குளத்தில் விழுந்த பிம்பம்போல் நெளியும். கறுப்பில் இந்த நெளிவு எதற்குமே மறையாது. அந்த மேடுகளைப் பள்ளத்தின் மட்டத்துக்குச் சீவி எடுப்பதுதான் வேலை.

உங்கள் வீட்டுக் கூடத்தில் மொசைக் தளம் போட்டார்களே, நினைவிருக்கிறதா? கரடான கல்லில் தொடங்கி, நைசான கல்லுக்கு மாறி, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்ததைத் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தோம். இதுவும் அதே வேலை. ஆனால் அங்கே ஒரு நூல் கூடுதலாகத் தேய்ந்தாலும் தளம் தாங்கும். இங்கே மூன்று பூச்சும் சேர்ந்து காய்ந்தால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அதிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால்தான் வெயிலிலிருந்து கறுப்பைக் காக்கும்.

1000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுவேன். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, அழுத்தாமல், பத்துப் பன்னிரண்டு இழுப்பு. உடனே ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டுக் குனிந்து பார்ப்பேன். தேய்ந்த இடம் சாம்பல் பூத்து மங்கியிருக்கும்; தாள் தொடாத பள்ளங்கள் மட்டும் மினுக்கும். முதலில் கடுகளவு, பிறகு எள்ளளவு, பிறகு ஊசிமுனை. ஊசிமுனை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது என் முடிவு. மிச்சத்தை 1500-ஆம் நம்பர் பார்த்துக்கொள்ளும். அதைக் குறுக்கு வாட்டில் இழுத்தால், 1000 போட்ட கீறல்களில் எது பாக்கி என்று பளிச்செனத் தெரியும். பிறகு 2000, கடைசியில் 3000.

தேய்க்கும்போது வழியும் தண்ணீர் பால்போல் வெள்ளையாக இருக்கும். அது கிளியர் கோட்டின் தூள். வெள்ளையாக இருக்கும் வரை பயமில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு, பின் சக்கரத்துக்கு மேலே இடுப்புபோல் எழும்பும் வளைவில், விளிம்பு தேயாமலிருக்க ஒட்டியிருந்த டேப்பைச் சீக்கிரம் எடுத்துவிட்டேன். நான்கே இழுப்பு. பால் கறுத்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது எனக்கு. விளிம்புகளில் பெயின்ட் மெலிதாகத்தான் நிற்கும், கட்டையின் அழுத்தம் முழுவதும் அங்கேதான் விழும்; தெரிந்திருந்தும் செய்தேன். அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி கறுப்பு, மறுபடி கிளியர் கோட் என்றாகிவிட்டது. இப்போது எல்லா விளிம்பிலும் டேப்; அதைக் கடைசியில்தான் உரிக்கிறேன், விளிம்பை 3000-ஆம் நம்பரால் வெறும் விரலில் தொட்டு விடுகிறேன்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1967-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர் என்ற வகைப் பெயின்ட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டி இப்படிக் கண்ணாடியாக இருந்திருக்காது. கதவு நிலையிலும் டிக்கி மூடியின் அடியிலும் ஆரஞ்சுத் தோல் அப்படியே இருந்திருக்கும். அதனால் அந்த இடங்களை நான் தொடவில்லை. கதவைத் திறப்பவர் அங்கே பழைய நாளைப் பார்க்கட்டும். வெளியே மட்டும் என் ஆசைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வண்டியில் பொருந்துமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நேற்று கூரைக்கு பாலிஷ் போட்டேன். மெஷினில் கம்பளி வட்டு, காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை, குறைந்த வேகம். ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் பெயின்ட் வெந்துவிடும் என்பதால் மெஷின் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது நடையில் சாம்பல் விலகி, அடியிலிருந்து கறுப்பு எழுந்து வந்தது. குனிந்தேன். குழல்விளக்கு நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. அரை மணி நேரம் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

பானெட்டும் ஒரு கதவும் பாக்கி. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும், 1995-இலிருந்து நடக்கிறது. அதற்குள் முடிந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் அடுத்த வருஷம். அவசரப்பட்டு இன்னொரு விளிம்பை இழக்க மாட்டேன்.

உங்கள் கூடத்துத் தளம் இப்போதும் அப்படியே இருக்கிறதா? அடுத்த கடிதத்தோடு அதன் படம் ஒன்று வை. காலையில், ஜன்னல் வெளிச்சம் தரையில் விழும்போது எடு.

அன்புடன்,
உன் நண்பன்