சக்கரத்துச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

கார் ஓடும்போது சக்கரத்துப் பக்கம் 'ஊம்ம்' என்று சத்தம் வருகிறதே என்று நீ கேட்டதற்குப் போனில் சொன்னதெல்லாம் பாதி காற்றோடு போயிருக்கும். இதைக் காருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். கிரீஸ் பட்டாலும் பரவாயில்லை.

நீ சொல்வதைப் பார்த்தால் வீல் பேரிங் போலத்தான் இருக்கிறது. உள் வளையம், வெளி வளையம், நடுவில் உருளும் குண்டுகள், சக்கரத்தை வழுக்கிச் சுழல விடும் சாமான் அது. ஆனாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் உறுதி செய்துகொள். நேர் ரோட்டில், பின்னால் வண்டி வராதபோது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார். இன்ஜின் வேகம் இறங்கியும் 'ஊம்ம்' என்ற சத்தம் அப்படியே இருந்தால் இன்ஜினை விட்டுவிடலாம். மிச்சம் டயரும் பேரிங்கும். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். வழுவழுப்பான தாரில் அடங்கும், கரடுமுரடில் ஏறும். பேரிங் சத்தத்துக்கு ரோடு பெரிய பொருட்டில்லை, வேகத்தோடுதான் ஏறும். டயர் மேல்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல் போலத் தட்டினால் குற்றவாளி டயர். சந்தேகம் தீராவிட்டால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி ஓட்டு. சத்தமும் கூடவே பின்னால் போகிறதா என்று கேள். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் அது சிவி ஜாயிண்ட் (ஆக்ஸில் மடங்கிச் சுழலும் மூட்டு), வேறு வேலை.

எந்தப் பக்கம்? மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்டு. இடப்பக்கம் வளைக்கும்போது காரின் எடை வலப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். 'பெரும்பாலும்' என்பதைக் கவனி. தூக்கிப் பார்க்காமல் சாமான் வாங்காதே.

சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வை. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதே. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்படியும் ஆடினால் பால் ஜாயிண்ட்டைப் பார், சஸ்பென்ஷனில் இருக்கும் உருண்டை மூட்டு அது. இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ராட் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனை. ஆட்டமே இல்லாமலும் பேரிங் போயிருக்கலாம், அதற்கு ஒரு வழி: ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்று. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது, மணல் அரைபடுவது போல விரலில் கரகரக்கும்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். பிரேக் பேடுக்கு அது நியாயம். பேரிங்குக்கு அப்படி ஒன்றும் இல்லை, போனதை மட்டும் மாற்று.

உன் காருக்கு ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்த, போல்ட்டில் மாட்டும் பேரிங் என்றால் நீயே மாற்றலாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே, சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்ஸிலின் நுனியில் இருக்கும் நட்டை இளக்கு. சாக்கெட் 30, 32 அல்லது 36 மி.மீ. ஆக இருக்கும். நட்டின் விளிம்பை ஆக்ஸில் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருந்தால் முதலில் உளியால் நிமிர்த்து. கால் சுற்று இளகினால் போதும். அதற்கப்புறம் காரை உருட்டாதே. பேரிங்கின் உள் வளையங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த இறுக்கம்தான். பிறகு தூக்கி, சக்கரத்தைக் கழற்று. காலிப்பரை (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டிவிடு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சரை ஒயரைப் பிடித்து இழுக்காதே, துரு பிடித்திருந்தால் உடைந்துதான் வரும். நட்டை ஆக்ஸில் நுனிக்குச் சமமாக விட்டு, செம்புச் சுத்தியால் தட்டினால் ஆக்ஸில் உள்ளே நகரும். பின்பக்கத்து மூன்று நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் ஹப் கையோடு வந்துவிடும்.

நக்கிளுக்குள் (ஹப்பையும் பேரிங்கையும் தாங்கும் இரும்புப் பாகம்) அழுத்தி ஏற்றிய பேரிங் என்றால் நக்கிளைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு போ. வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. புதுப் பேரிங் சாகிற இடமே இதுதான். நக்கிளுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது கீழே உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று மாறினாலும் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகும். குண்டுகள் உருளும் ஓடுபாதையில் குண்டுக்கு ஒரு குழி விழும். கண்ணுக்குத் தெரியாத குழிதான், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே பழைய சத்தம் புதுப் பேரிங்கில் கேட்கும். 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஆகவே பட்டறையில் பக்கத்தில் நின்று, எந்த வளையத்தில் அழுத்துகிறார்கள் என்று பார். பழைய உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கிரைண்டரால் முக்கால்வாசி கீறி உளியால் பிளப்பார்கள். ஹப்பில் கீறல் விழக்கூடாது. நக்கிள் துளையின் துருவைத் துடைத்து, சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கம்பி) அதன் பள்ளத்துக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள். சீல் வைத்த பேரிங்கில் கிரீஸ் திணிக்க வேண்டாம், உள்ளேயே இருக்கிறது.

காந்த வளையம் உள்ள பேரிங்கில் ஒரு பக்கச் சீல் கருப்பாக, வெறும் ரப்பர் போலத்தான் இருக்கும். ஏபிஎஸ் சென்சர் படிப்பது அதைத்தான், அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு குண்டூசியைக் கிட்டே கொண்டு போனால் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் வைக்காதே.

ஆக்ஸில் நட் புதிதாகத்தான் போட வேண்டும். காரைத் தரையில் இறக்கும் முன்பே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கு. பல கார்களுக்கு 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை வரும். உன் காரின் கையேட்டு அளவுதான் கணக்கு. அடித்து அடித்து இறுக்கும் இம்பாக்ட் கன்னால் முடிக்க விடாதே. குறைந்தால் வளையங்கள் விலகி ஆடும், கூடினால் பேரிங் சூடாகும். மடக்கும் வகை நட் என்றால், இறுக்கியதும் அதன் விளிம்பை ஆக்ஸில் பள்ளத்துக்குள் மடக்கு.

நக்கிளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிடு. வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை சரிபார். ஏபிஎஸ் விளக்கு அணையாமல் நின்றால் முதலில் சென்சர் பிளக் சரியாக உட்கார்ந்ததா பார். உட்கார்ந்திருந்தும் எரிந்தால் பேரிங் திருப்பி ஏறியிருக்கலாம். அதைக் கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது, வேறொன்று வாங்கத்தான் வேண்டும்.

ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என்ன தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா