பெட்டகக் கணக்கின் மறுபாதி எங்கே?

லண்டன் புல்லியன் (தங்க, வெள்ளிக் கட்டி) சந்தைச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2012 ஜூன் 28-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைய பிற்பகல் ஃபிக்ஸிங்கில், அதாவது லண்டனில் அன்றாடத் தங்க விலையை நிர்ணயிக்கும் சுற்றில், தங்கம் அவுன்ஸுக்கு 1,558.96 டாலரைத் தாண்டினால், பார்க்ளேஸ் வங்கி தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு 39 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. ஃபிக்ஸிங் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வங்கியின் டிரேடர் விற்பனை ஆர்டர்களை உள்ளே தள்ளினார். விலை 1,558.50-இல் நின்றது. வித்தியாசம் வெறும் 46 சென்ட். லைபார் எனப்படும், வங்கிகளுக்கிடையிலான கடன் வட்டி விகிதத்தில் செய்த முறைகேட்டுக்காக அதே வங்கிக்கு அபராதம் விழுந்த மறுநாள்தான் இது நடந்தது; துணிச்சலைப் பாருங்கள்! 2014-இல் பிரிட்டனின் நிதி ஒழுங்காணையம் 2.6 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது.

1919 முதல் ஒரு சில நிறுவனங்கள் தங்க விலையைத் தமக்குள் பேசி முடித்த முறை போய், 2015 மார்ச்சில் மின்னணு ஏலம் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் 2020-இல் ஸ்பூஃபிங்குக்காக, அதாவது நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் ஆர்டர் போட்டு விலையை நகர்த்தியதற்காக, ஜேபி மோர்கன் வங்கி அமெரிக்காவில் 92 கோடி டாலர் கட்டியது.

விலை இறங்கும்போதெல்லாம் சதி என்று கூவுகிறவன் அல்ல நான். வெள்ளி விலையில் முறைகேடா என்று 2008-இல் தொடங்கிய விசாரணையை, வழக்குக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க முன்பேரச் சந்தை ஒழுங்காணையமே 2013-இல் முடித்துக்கொண்டது. அதை ஏற்கிறேன். ஆனால் கணக்கு பாதி மூடியிருக்கும்வரை வதந்திக்குப் பஞ்சமே இருக்காது.

லண்டன் பெட்டகங்களில் எவ்வளவு தங்கம், வெள்ளி இருக்கிறது என்று 2017 முதல் மாதந்தோறும் வெளியிடுகிறீர்கள். அந்த உலோகத்தின்மேல் எத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது? உங்கள் சந்தையில் பெரும்பாலும் கைமாறுவது ‘அன்அலோகேட்டட்’ கணக்கின் இருப்பு. அதை வைத்திருப்பவருக்கு இன்ன எண்ணுள்ள கட்டி என்று எதுவும் சொந்தமில்லை. வங்கி அவருக்குத் தரவேண்டிய கடன்தான் அது. வங்கி நொடித்தால், அதனிடம் பாக்கி வரவேண்டிய மற்றவர்களோடு அவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இந்தக் கடன் மொத்தம் எத்தனை அவுன்ஸ் என்பது உங்கள் மாதப் பட்டியலில் இல்லை.

வணிக ரகசியம் என்பீர்கள். நான் பெயர் கேட்கவில்லை, மொத்தத் தொகைதான் கேட்கிறேன். அமெரிக்க முன்பேரச் சந்தையில் எந்தப் பிரிவினர் கையில் எவ்வளவு ஒப்பந்தம் என்பது வாரந்தோறும் வெளியாகிறது. கிடங்கு இருப்போ தினமும் வருகிறது. அதனால் அங்கே யாரும் கடையை மூடிவிடவில்லை.

உங்கள் மாதப் பட்டியலில் இந்த மொத்தக் கடனுக்கு ஒரு நெடுவரிசையைச் சேருங்கள். முடியாதென்றால், எந்த உறுப்பினர்கள் எதற்காக மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கத்தில் சேமிக்கும் ஒருவன்