காமராஜரைப் படமாக்குவோர் ‘லை’ எழுத்தையும் கவனிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைவர்களின் வாழ்க்கையைப் படமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தாலே, நடிகரின் முகம் தலைவருக்குப் பொருந்துகிறதா என்ற பேச்சுதான் ஊரெங்கும். முகத்தை ஒப்பனைக்காரர் பார்த்துக்கொள்வார். படம் சறுக்குவது அந்த முகத்துக்குப் பின்னால் தொங்கும் பலகையிலும், சுவரொட்டியிலும், வாக்குப் பெட்டியிலும்தான். காமராஜரை வைத்தே சொல்கிறேன். அவர் வாழ்ந்த காலம் ஆவணங்களில் தெளிவாக இருப்பதால் தவறு நேர்ந்தால் மன்னிப்பே இல்லை.

முதலில் எழுத்து. நாம் இன்று எழுதும் லை, ளை, ணை, னை, ணா, றா, னா, அவற்றோடு ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துகளும் அரசு ஆணைப்படி புது வடிவம் பெற்றது 1978 அக்டோபரில். காமராஜர் மறைந்தது 1975-இல். ஆகவே அவர் வாழ்ந்த காலத்து அரசுப் பலகையில் ‘சென்னை’ என்று இருந்தால் அந்த ‘னை’க்கு முன்னால் கொம்பு தனியாக நிற்காது, யானைத் துதிக்கை போல எழுத்தின் தலையிலிருந்தே வளைந்து எழும். ‘ணா’வின் காலும் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்து சேர்ந்திருக்கும். கணினியில் தட்டினால் இயல்பாக வருவது புது வடிவம். அதை அப்படியே பிளெக்ஸில் அச்சிட்டு, மேலே கொஞ்சம் புழுதி பூசிப் பழசாக்கிவிடுகிறார்கள். புழுதி பூசினால் எழுத்து பழசாகாது. பலகைக்கான வாசகத்தை முதலில் தாளில் எழுதி, இந்த 13 எழுத்துகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, 1950-களின் நாளிதழ்ப் பக்கம் ஒன்றை மாதிரியாக வைத்து, கையால் எழுதும் ஓவியரிடம் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் 1935-இலேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டார். ‘விடுதலை’யும் அவ்வெழுத்திலேயே அச்சானது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் பெரியார் அவரை ஆதரித்ததைக் காட்டாமல் படம் எடுக்க முடியாது. அந்தக் காட்சியில் மேசைமேல் கிடக்கும் ‘விடுதலை’யில் புது ‘லை’யும், பின்சுவரில் ஒட்டிய காங்கிரஸ் சுவரொட்டியில் பழைய ‘லை’யும் இருப்பதே சரி. இரண்டையும் ஒரே எழுத்தில் அச்சிட்டால் இரண்டில் ஒன்று பொய்.

முதலமைச்சர் அறைச் சுவரில் மாட்டும் நிலப்படத்துக்கு மூன்று பிரதிகள் வேண்டும். 1954 ஏப்ரல் 13-இல் அவர் பதவியேற்றபோது மலபாரும் தென் கன்னடமும் சென்னை மாநிலத்தில் இருந்தன, கன்னியாகுமரி இல்லை. 1956 நவம்பர் 1-இல் அவை போய்க் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. திருத்தணி சேர்ந்தது 1960 ஏப்ரலில். ‘தமிழ்நாடு’ என்ற பெயரை அந்தப் படத்தில் அச்சிடவே கூடாது; அது அதிகாரப்பூர்வமானது 1969-இல்தான். காசு விஷயமும் இப்படித்தான்: 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, பிறகு 100 நயா பைசா.

வாக்குச்சாவடிக் காட்சியில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். அவர் போட்டியிட்ட 1954 குடியாத்தம் இடைத்தேர்தலில் யாரும் சீட்டில் முத்திரை குத்தியிருக்க முடியாது. அன்றைய முறையில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியில் அவரவர் சின்னம். பெட்டிகள் எல்லாம் மறைப்புக்கு உள்ளே வரிசையாக இருக்கும். வாக்காளர் குறியே இல்லாத சீட்டுடன் உள்ளே போய், வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வருவார். 1957-இல் அவர் நின்ற சாத்தூரிலும் அதே முறை. 1962 பொதுத்தேர்தலில்தான் சின்னங்கள் அச்சிட்ட சீட்டு, ரப்பர் முத்திரை, அதிகாரியின் கண்ணெதிரே ஒரே பெட்டி. இது தெரியாமல் 1954-இல் மேசைமேல் ஒற்றைப் பெட்டியை வைத்தால், கேமரா வைக்கும் கோணம் முதல் கூட்டம் நகரும் திசைவரை எல்லாமே தப்பாகிவிடும். சின்னத்திலும் அதே கவனம் தேவை. 1969-இல் காங்கிரஸ் பிளக்கும் வரை பூட்டிய இரட்டைக் காளை; பிளந்தபின் 1971-இல் அவர் இருந்த ஸ்தாபன காங்கிரசுக்கு ராட்டை நூற்கும் பெண். கைச் சின்னத்தை அவர் பார்த்ததே இல்லை. 1967-இல் விருதுநகரில் தி.மு.க.வின் சீனிவாசனிடம் அவர் தோற்றது 1,285 வாக்குகளில். அந்த எண்ணை வசனத்தில் ‘ஆயிரத்துச் சொச்சம்’ என்று மழுப்ப வேண்டாம்.

பள்ளிக் காட்சியில் ‘சத்துணவுக் கூடம்’ என்று பலகை மாட்டுவது இன்னொரு வழக்கமான பிழை. அவர் காலத்தில் அது மதிய உணவு. சத்துணவு 1982-இல் வந்த திட்டத்தின் பெயர். முட்டையும் அவர் காலத்துத் தட்டில் கிடையாது.

உடைக்கு மில் துணியில் தைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் விறைத்த சட்டை உதவாது. கதர் சற்றே மஞ்சள் தட்டிய வெண்மை. முழங்கையருகே தொளதொளவென்று நிற்கும் கை. விறைப்பான சட்டை போட்டால் நடிகரின் நடையே மாறிவிடும், அவர் காமராஜராக நடக்கவே முடியாது.

திரைக்கதைக்கு முன்பே ஆண்டுவாரியாக ஒரு பேரேடு போடுங்கள்: எழுத்து, காசு, நிலப்படம், சின்னம், வண்டி எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ‘டி.என்.’ எனத் தொடங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண் வரும் இன்றைய பலகை 1989-க்குப் பிறகு வந்தது. படப்பிடிப்பில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அந்தப் பேரேட்டைப் புரட்ட ஒரே ஓர் உதவியாளர் போதும். விருதுநகர் வீடும் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீடும் நினைவு இல்லங்களாக இருக்கின்றன. அனுமதி பெற்று டேப் வைத்து அளந்த பிறகு செட் போடுங்கள்; பெரிய கூடமும் தூண்களும் அந்த மனிதரின் வீட்டில் வேண்டாம்.

கடைசியாக, அவர் மறைந்த 1975 அக்டோபர் 2. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வீடு பெட்டி வைக்காமல், டீக்கடை வானொலியைச் சுற்றி மக்களை நிறுத்துங்கள். பின்னால் ஒட்டும் இரங்கல் சுவரொட்டியில் ‘பெருந்தலைவர்’ என்று வரும். அந்த ‘லை’ பழைய துதிக்கையோடு இருக்கட்டும்.

– திரைப்படக் கலைப் பிரிவுப் பணியாளர், வடபழனி, சென்னை