மழை மாசத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை மக்களுக்கு வணக்கம்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயக் கூலி வீடுகளில் உங்கள் சத்துமாவு போய்ச் சேர்ந்துவிட்டது. மூட்டை மூட்டையாக அரிசி தர வந்தீர்கள்; "அரிசி ரேஷனிலேயே கிடைக்குது, பயறும் வேர்க்கடலையும்தான் இல்ல" என்று நாங்கள் சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தீர்கள். அதற்குத் தனி நன்றி.

தீபாவளித் துணிக்குப் பதிலாக ஐப்பசி, கார்த்திகைக்கு மாவு கேட்டதற்குக் காரணம் உண்டு. சம்பாவுக்குக் களையெடுத்து முடித்தால் தை அறுப்பு வரை பெரிதாகக் கூலி வேலை கிடையாது. மழைக்குப் பள்ளி லீவு விட்டாலோ காலை உணவு, சத்துணவு, முட்டை எல்லாம் அன்றைக்கு நின்றுவிடும். வீட்டில் காசில்லாத அதே நாளில் பள்ளி அடுப்பும் எரியாது. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்புவதும் இந்த நெருக்கடியில்தான்.

10 கிலோ மாவுக்குக் கேழ்வரகு 5, பாசிப்பயறு 2, பொட்டுக்கடலை 1½, வேர்க்கடலை 1½ கிலோ. கேழ்வரகை முளைகட்டினால் கஞ்சி அவ்வளவாக இறுகாது. சின்ன வயிற்றுக்குள் கூடுதல் மாவு இறங்கும். மழை பிடித்தால் முளைத்தது காயாது என்று புரட்டாசி வெயிலிலேயே மொட்டைமாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கு நன்றி. சுருங்கியது, பூசணம் பிடித்தது என்று வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளிய அக்காமார்களுக்கும். சொத்தைக் கடலை ஒரு கை விழுந்தாலும் மொத்த மாவும் கசந்துவிடும், ஈரலுக்கும் கெடுதல்.

மில்கார அண்ணனை என்ன சொல்ல! மிளகாய் அரைத்த மிஷினில் குழந்தை மாவில் காரம் ஏறும் என்று, முதலில் தன் அரிசியை ஓட்டி, துடைத்த பிறகே நம் தானியத்தைக் கொட்டினார். சூட்டோடு கட்டினால் பாக்கெட்டுக்குள் வேர்த்துக் கட்டிதட்டும். வேட்டி விரித்து ஆறவிட்டதும் அவர் கடையிலேயே. வெல்லம் ஈரம் இழுக்கும், அதனால் தனிப் பொட்டலம்.

பிள்ளை மெலிந்திருக்கிறதா என்று மேல்கைச் சுற்றளவை அளந்து பார்க்கும் நாடாவைப் பிடிக்கக் கற்றுத்தந்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மாவோடு விடக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். சட்டைக்கு மேலே சுற்றினால் அளவு கூடக் காட்டி, மெலிந்த பிள்ளை தப்பிவிடும்.

தண்ணி தேங்கிய ரோட்டிலும் டீசல் காசு மட்டும் வாங்கிய குட்டியானை டிரைவர்களே, மே மாத லீவிலும் பள்ளி அடுப்பு எரியாது. சித்திரை லோடுக்கு இப்போதே சொல்லி வைக்கிறோம்.