கோதுமை ஊறப்போடும் முன்

நெகோஸ்லாவ்ட்சி, குரோஷியா,
நவம்பர் 23

அன்புள்ள மகனுக்கு,

பார்சல் வந்ததா? ரொட்டி அச்சு உள்ளே இருக்கிறது, தாத்தாவின் பழைய பனியனில் சுற்றியிருக்கிறேன். அதைத் தண்ணீரில் போட்டுவிடாதே. மரம் வெடித்தால் எழுத்து போய்விடும். ஒட்டிய மாவு காயட்டும், பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடு.

கோயில் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 28 வந்தவன் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டாய். போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். வேலை இருக்கும். அதைப் பேச இந்தக் கடிதம் எழுதவில்லை. டிசம்பர் 19 வருகிறது, நம் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் நாள், நம் ஸ்லாவா. அப்பா போன பிறகு மூன்று வருஷம் நானே மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஸ்லாவா மகன் கைக்கு வர வேண்டியது. இந்த வருஷம் ஸ்டட்கார்ட்டில் உன் வீட்டில் செய்.

முதலில் கோதுமை. துருக்கிக் கடையில் அஷூரே கோதுமை என்று கேள், உமி நீக்கியது கிடைக்கும். அரைக் கிலோ போதும். 16ஆம் தேதி இரவு ஊறப்போடு. 17ஆம் தேதி ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வேகவை. கரண்டி போட்டுக் கிண்டாதே, கஞ்சி கட்டி அடிப்பிடிக்கும். மணி வாய் பிளந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி இரவெல்லாம் விட்டுவிடு. 18 காலையில் தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசி, வடித்து, பருத்தித் துணியில் பரப்பு. உள்ளங்கையை வைத்து எடுத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. அதுவரை அரைக்காதே. எல்லோரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள், மறுநாள் புளித்துப்போகிறது. அரைத்த பிறகு பொடித்த வால்நட் நானூறு கிராம். பொடித்த சர்க்கரை முந்நூற்றைம்பது, அதையும் 19 காலையில்தான் கலக்க வேண்டும். முன்னாடியே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

ரொட்டிக்கு மைதா ஒரு கிலோ, 42 கிராம் ஈஸ்ட் கட்டி ஒன்று, வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல், எண்ணெய் நூறு மில்லி, உப்பு 20 கிராம். கிறிஸ்துமஸ் நோன்புக்குள் வரும் நாள், அதனால் முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. மருமகளிடம் இதை மட்டும் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் குறை சொன்னதாக இருக்கும். அச்சை ஈஸ்ட் போட்ட மாவில் அழுத்தாதே, அடுப்பில் உப்பி எழுத்து அழிந்துவிடும். மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து வட்டமாகத் தட்டி, அதில் அழுத்தி, ரொட்டியின் நடுவில் ஈரம் தொட்டு ஒட்டு. சுற்றிலும் ஊசியால் குத்திவிடு, இல்லாவிட்டால் அடியில் காற்று புகுந்து தூக்கும். 180 டிகிரியில் ஐம்பது நிமிஷம். மேலே சிவந்தால் காகிதம் போட்டு மூடு.

ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, தெரிந்தவர்கள் வருவார்கள். அங்கே யாருக்குத் தெரியும் என்று சொல்வாய். தெரிந்த ஒருவர் வந்தாலும் போதும், நீ உட்காராமல் நின்று பரிமாறு. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்காதே, சாயங்காலம் ஒரு சொட்டு ஒயின் விட்டு அணை. கெண்டை மீன் கிடைத்தால் வாங்கு, கிடைக்காவிட்டால் அவரைக்கொட்டை போதும்.

ஊர்ச் செய்தி என்ன பெரிதாக. 2011 கணக்கெடுப்பில் 1,463 பேர் இருந்தோம், 2021இல் 983. பக்கத்து நகரம் வூகோவாரில் நம் செர்பியர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதால் நம் சிரிலிக் எழுத்துப் பலகைக்குச் சட்டப்படி இருந்த உரிமையும் போயிற்று என்கிறார்கள். நம்மூரில் அந்தக் கவலை இல்லை. இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் நாம்தான், பலகை இரண்டு எழுத்திலும் நிற்கிறது. அதைப் படிக்கத்தான் பிள்ளைகள் வேண்டும். நீ ஜெர்மனியில் நல்ல வேலையில் இருக்கிறாய் என்று கடையில் எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு வாரம் விறகு ஈரமாகவே இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 12 பாதிரியார் தீர்த்தம் மந்திரிக்க வருகிறார். கிண்ணத்தில் தண்ணீர், திருநீற்றுப்பச்சைக் கொத்து, சாம்பிராணி எல்லாம் இருக்கிறது. பெயர்த் தாளைத்தான் இன்னும் முடிக்கவில்லை. ஒரு பக்கம் உயிரோடிருப்பவர்கள், மறுபக்கம் போனவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான் படிப்பார். பாப்பாவின் பெயரை எழுதலாமா? ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை, எழுதலாமா என்று மட்டும் சொல்.

போனவர்கள் பக்கத்தில் வழக்கமான பெயர்களை எழுதி முடித்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரர் பெயரை எழுதினேன். அவர் கத்தோலிக்கர், பாதிரியார் படிக்க மாட்டார். அடித்தேன். மறுபடி எழுதினேன்.

திருவிழா அன்று சாப்பாட்டு மேசையில் நீ அவரைப் பற்றித்தான் கேட்டாய். சாக்ரெப் போய்விட்டார் என்றேன். சின்ன வயதில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அவர் எங்கும் போகவில்லை, மகனே. 1991 போரில், இலையுதிர்காலத்தில், யூகோஸ்லாவியப் படைத் தலைமையகம் நம்மூரில்தான் இருந்தது. வூகோவாருக்கான கட்டளைகள் இங்கிருந்துதான் போயின. நவம்பர் 20 இரவு ஓவ்சாராப் பண்ணையில் நடந்த கொலைகளை ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத் தீர்ப்பில் நீயே படித்துவிட்டாய், வூகோவார் மருத்துவமனையிலிருந்து கொண்டுபோனவர்களில் 194 பேர். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். டிசம்பருக்குள் இந்த மேசைவரை தெரிந்திருந்தது. எதிர்வீட்டில் விளக்கு அதற்கும் முன்பே எரிவதில்லை. அந்த 19ஆம் தேதியும் நான் கோதுமை வேகவைத்தேன். நன்றாக உலர்ந்து வந்தது, வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். போனவர்களுக்காகத்தான் அந்தக் கோதுமை. அவர் பெயரை நான் சொல்லவில்லை. அப்பா சொல்லாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் சொல்லவில்லை.

இந்த நவம்பர் 18ஆம் தேதியும், வூகோவார் விழுந்த நாள், அங்கே தெருவெல்லாம் மெழுகுவர்த்தி. நான் கதவைச் சாத்திக்கொண்டு, உனக்கு அனுப்பிய வால்நட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மீதியைப் போனில் சொல்ல மாட்டேன். நேரில் வந்தால் சொல்கிறேன், தெரிந்தது அத்தனையும். பாப்பாவின் பெயரை 10ஆம் தேதிக்குள் அனுப்பு. அவளுக்காக ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன். ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் அச்சு வந்ததா என்றாவது எழுது.

சர்க்கரையைக் கடைசியில் போடு.

அம்மா