ஒன்பது மணி வெயில்

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காரவைத்த குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு ஃப்ளாஷ் வாடகைக்கு எடுத்துக்கவாப்பா?" என்றாய். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் படுத்தும் தூக்கம் வரவில்லை. நீ தனியாக எடுக்கப்போகும் முதல் கல்யாணம். அதுவும் மண்டபத்துக்குள் இல்லை. சென்னைக்குப் பக்கம் ஈசிஆர் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்த புல்தரையில், ஆவணி வெயிலில், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அதனால்தான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஃப்ளாஷைப் பிறகு பார்ப்போம். முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு நீ அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அதே மணிக்கு. சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு "இடம் நல்லா இருக்குப்பா" என்று சொல்லாதே.

பொண்ணும் மாப்பிள்ளையும் கிழக்குப் பார்த்துத்தான் உட்காருவார்கள். அந்தக் கரையில் கடலும் கிழக்கே, காலைச் சூரியனும் கிழக்கே. வெயில் நேராக அவர்கள் முகத்தில் விழும், கண்ணைச் சுருக்குவார்கள். கடல் உன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கல்யாண வீட்டுக்காரர்கள் தாலி கட்டும்போது பின்னால் கடல் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த இடத்தைப் பிடித்திருப்பார்கள். தாலி கட்டும் படத்தில் கடல் வராது, சாயங்காலப் படத்தில் வரும் என்று இப்போதே சொல்லிவிடு. ஆல்பம் கையில் வந்தபிறகு சொன்னால் அது சமாதானம் சொல்வது போல ஆகிவிடும்.

அங்கே நின்று உன் நிழலைப் பார். அந்தக் காலத்தில் காலடியால் நிழலை அளந்து மணி சொல்வார்கள். நமக்கும் அதுவே போதும். உன் நிழல் உன் உயரத்துக்கு இருந்தால் சூரியன் 45 டிகிரியில் நிற்கிறது. ஆவணியில் ஒன்பது மணிக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பந்தலின் முன் விளிம்பு மேடையிலிருந்து பத்தடி உயரம் என்று வை. மணையில் உட்கார்ந்திருப்பவர் தலை மூன்றடி. மீதி ஏழு. வெயிலும் ஏறக்குறைய ஏழடி உள்ளே வந்துதான் அவர்கள் தலையைத் தொடும். ஆகவே மணையை முன் விளிம்பிலிருந்து எட்டு, ஒன்பது அடி உள்ளே தள்ளிப் போடச் சொல். முகங்கள் நிழலில் இருக்கும், எதிரே தரையில் வெயில் விழுந்து கிடக்கும். அந்தத் தரை வெயில்தான் உனக்கு ரிஃப்ளெக்டர். மேலே எழும்பி வந்து கண் குழியையும் தாடைக்கு அடியையும் நிரப்பும். எத்தனை ஃப்ளாஷ் வைத்தாலும் அந்த மென்மை வராது.

ஆனால் அந்தத் தரையில் என்ன விரித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் விடாதே. சிவப்புக் கம்பளம் விரித்தால் முகமெல்லாம் சிவப்பு ஏறும். வெறும் புல் என்றால் தாடைக்கடியில் பச்சை. பந்தல்காரரிடம் தன்மையாகப் பேசி, மணவறைக்கு முன்னால் பத்தடிக்கு வெள்ளையோ சந்தனக் கலரோ விரிக்கச் சொல். மேலே கட்டும் துணியும் வெள்ளையாக இருக்கட்டும். 1998-ல் வேடசந்தூர் பக்கம் ஒரு கல்யாணத்தில், மழைக்குப் பயந்து நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. நான்கு ரோல் எடுத்தேன். பிரிண்ட் வந்தபோது ஒவ்வொரு முகமும் நீலம் பாரித்திருந்தது. லேபில் எவ்வளவோ சரிசெய்து பார்த்தார்கள். முகத்தைத் தேற்றினால் பட்டுப்புடவை நிறம் மாறியது. அந்தப் பெண்ணின் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு ஒன்றுமே பேசாமல் திருப்பிக் கொடுத்தது இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு நாள் முன்னால் போயிருந்தால் வெள்ளைத் துணியாவது உள்ளே கட்டச் சொல்லியிருப்பேன்.

தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தால் வேறு கவலை. இடுக்கு வழியாகக் காசு காசாக வெயில் விழும். அந்தக் காசு எல்லாமே வட்டமாக இருப்பது ஏன் என்று உனக்குத் தெரியும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று காலை ஒன்பதரை வாக்கில் நம் வேப்பமரத்தடியில் கையை நீட்டினாய், உன் உள்ளங்கையில் சின்னச் சின்ன வளையங்களாக விழுந்தது. ஒவ்வொரு பொட்டு வெளிச்சமும் சூரியனின் படம். முற்றத்தில் பார்க்க அழகு. பொண்ணின் கன்னத்தில் விழுந்தால் அந்த இடம் வெளுத்து ஓட்டையாகிவிடும். தாலி கட்டும் நேரம் வரும்போது, தாய்மாமன் முறையில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, எட்டு முழ வேட்டியை இரண்டாக மடிக்காமல் ஒற்றையாகத் தலைக்கு மேல் பிடிக்கச் சொல். பொட்டெல்லாம் கரைந்து ஒரே வெளிச்சமாக இறங்கும். யாரும் மறுக்க மாட்டார்கள், நல்ல காரியத்தில் ஒரு வேலை கிடைத்த சந்தோஷம்தான் இருக்கும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்ற விஷயத்தில் என் பழக்கத்தை நீ பின்பற்றாதே. நான் பிலிமில் வளர்ந்தவன். கலர் நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். அதனால் நிழலுக்கு வைத்து எடுப்போம். உன் கேமரா நேர் எதிர். இருண்ட நிழலை, கேமரா பதிந்தபடியே வைத்திருக்கும் ரா ஃபைலிலிருந்து ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன பட்டு வேட்டியின் மடிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதே சமயம் ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி இருந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துவிடும். என்ன செய்வாய்? பொண்ணு உட்காரும் இடத்தில், முகம் பார்க்கும் திசையில் உன் உள்ளங்கையைக் காட்டி அதில் மீட்டர் எடு. அங்கிருந்து ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கி, மேனுவலில் பூட்டிவிடு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியே கையை முஷ்டியாக்கி மெல்லத் திருப்பிப் பார், எந்தப் பக்கத்தில் நிழல் அழகாக விழுகிறது என்று விரல் முட்டியே சொல்லும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாண ஆல்பத்தை அம்மா பிரித்துப் பார்த்து நீ கண்டிருக்க மாட்டாய். 1989-ல் வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். போட்டோ எடுத்தவர் அம்மா முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடித்து, பிரிண்டிலும் வெளுக்கவைத்து, சுண்ணாம்பு பூசினாற்போல் ஆக்கிவிட்டார். பொண்ணு சிவப்பாகத் தெரிவாள் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். அம்மா ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது நான் இல்லைங்க" என்றாள். அன்றைக்கு நானே இந்தத் தொழிலில் உதவியாளனாக இருந்தேன். எனக்குப் பதில் இல்லை.

அதனால் உன்னிடம் யாராவது "பொண்ணைக் கொஞ்சம் கலர் ஏத்திடும்மா" என்றால் ஏற்றாதே. மூக்கோரத்தில் விழும் நிழலும், கன்னத்தில் ஒரு பக்கம் குறையும் வெளிச்சமும்தான் முகத்துக்கு வடிவம் தருகின்றன. கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் வரும் மினுமினுப்பு வேறெதிலும் வராது. அதை நிழலில், பந்தல் ஓரமாக, திறந்த வானத்தைப் பார்த்து நிற்கவைத்து எடு. அவள் பேத்தி பார்க்கும்போதும் அது அவளாகவே இருக்க வேண்டும்.

பதினொன்றரைக்கு மேல் ஒன்றரை வரை வெளியே யாரையும் நிறுத்திவைத்து எடுக்காதே. சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் நிழலில்லா நாள். நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அதை ஒட்டிய நாட்களிலும் அப்படித்தான். கண் இரண்டும் பள்ளமாகிவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் புல்லை விட்டு மணலுக்குக் கூட்டிப்போ, மணல் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் தரும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுப் பந்திக்கு வைத்துக்கொள்.

ஃப்ளாஷ் ஒன்று போதும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர் எஃப் 11 வரும். பின்புலத்தை மங்கலாக்க வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி ஃபில்டர் போடு, எஃப் 4-க்கு இறங்கலாம். அதற்குப் பதில் ஷட்டரை இன்னும் வேகமாக்க ஃப்ளாஷை ஹை ஸ்பீடில் வைத்தால் அதன் சக்தி வெகுவாகக் குறைந்து பேட்டரியும் தீரும். வீடியோக்காரர் லைட் அடித்தால் சண்டை போடாதே, முன்னாலேயே பேசி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முடிவு செய்துகொள்.

சாயங்காலம் சூரியன் நிலத்துப் பக்கம் இறங்கும். ஆறேகால், ஆறரைக்கு அஸ்தமனம் என்று ஆப் காட்டும். நம்பாதே; சவுக்குத் தோப்பும் கட்டடங்களும் அதற்கு முன்பே வெயிலை மறைத்துவிடும். ஐந்தேகாலுக்கே இரண்டு பேரையும் கரைக்குக் கூட்டிப்போ. நிலத்தைப் பார்த்து நிற்கவை. மஞ்சள் வெயில் முகத்தில், பின்னால் கடல். அவர்கள் கேட்ட கடல் அப்போது கிடைக்கும்.

என் எட்டு முழ வேட்டி ஒன்றை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். கஞ்சி போடவில்லை. நீலமும் போடவில்லை. நாளை ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், காலையில் கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா
திண்டுக்கல்